‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ முதல் ‘மர்மயோகி’ வரை: திரை இதழாளர் கே. ராம்நாத்தும் கொங்குநாட்டுப் படப்பிடிப்பு நிலையங்களும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் பேசும்படம் தோன்றிய காலத்தில் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கிலத் திரை இதழ் ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’. அதனை நடத்தியோருள் ஒருவரான கே. ராம்நாத், பின்னர் ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். அவரது இதழ்ப்பணி ஓர் இளமைக்கால முயற்சியாகவே திரை வரலாறுகளில் சுருக்கமாகக் குறிக்கப்படுகிறது. அவ்விதழ்ப்பணிக்கும், கோயம்புத்தூர், சேலம் ஆகிய ஊர்களின் நிறுவனங்களுக்காக அவர் இயக்கிய படங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. கற்றோருக்குத் திரையை அறிமுகம் செய்த இதழாளர், திரை காண்போருக்குக் கற்றோரின் இலக்கியத்தைக் கொண்டுசேர்த்த இயக்குநராக மாறினார் என்பதும், அம்மாற்றத்திற்குக் கொங்குநாட்டுப் படப்பிடிப்பு நிலையங்கள் களமாயின என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: திரை இதழியல், கே. ராம்நாத், முருகதாசா, பட்சிராஜா, சென்ட்ரல் ஸ்டுடியோ, ஏழை படும் பாடு, மர்மயோகி

1. முன்னுரை

தமிழ்த் திரை வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு, படங்களே கிடைக்காமையாகும். மௌனப்படக் காலத்துத் தமிழகப் படங்களும், 1930களில் வெளிவந்த பேசும்படங்களுள் பெரும்பான்மையும் இன்று காணக் கிடைப்பதில்லை. ஆகவே பாட்டுப் புத்தகங்கள், துண்டறிக்கைகள், நாளிதழ் விளம்பரங்கள், திரை இதழ்கள் ஆகியவை ஆய்வாளர்க்கு மூலச் சான்றுகளாகின்றன. இவற்றுள் திரை இதழ்களிலிருந்து நாம் தகவல்களை எடுத்தாள்கிறோம். ஆனால் அவ்விதழ்களை நடத்தியவர்களைத் திரைக்கலையை உருவாக்கியவர்களாக எண்ணிப் பார்ப்பதில்லை. இதழாளர் என்பவர் திரையுலகின் வாயிலில் நின்று செய்தி சொல்பவர் என்ற கருத்தே நிலவுகிறது.

இக்கருத்து தொடக்ககால இதழாளர் அனைவருக்கும் பொருந்துவதன்று. படமெடுக்கும் தொழில்நுட்பம் தமிழகத்தில் வேரூன்றாத நாளில், அதனைக் கற்க விரும்பியோர்க்கு இதழ் நடத்துதலே ஒரு கல்விமுறையாக அமைந்தது. இதனை விளக்க ராம்நாத்தின் வாழ்க்கை ஏற்ற சான்றாகும்.

2. பேசும்படத்தின் வருகையும் திரை இதழ்களும்

தமிழின் முதற் பேசும்படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் பம்பாயில் உருவாக்கப்பட்டது. அதனையடுத்து வந்த தமிழ்ப் படங்களும் பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களின் படப்பிடிப்பு நிலையங்களையே சார்ந்திருந்தன. ஏ. நாராயணன் தம் ஸ்ரீநிவாசா சினிடோன் நிலையத்தில் எடுத்த ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ 1934இல் வெளிவந்த பின்னரே சென்னையில் ஒலிப்படத் தயாரிப்பு தொடங்கியது.

இச்சூழலின் விளைவொன்று கவனிக்கத்தக்கது. தமிழ் பேசும் படத்தைத் தமிழர் கண்டனர். ஆனால் அது எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு அண்மையில் இல்லை. படம் இங்கே, படப்பிடிப்பு எங்கோ என்னும் இந்த இடைவெளியை நிரப்பும் தேவையிலிருந்தே தொடக்ககாலத் திரை இதழ்கள் பிறந்தன.

இதழ்களின் பெயர்களே அவை வாசகரை விளித்த முறையைக் காட்டுகின்றன. பி. எஸ். செட்டியார் நடத்திய ‘சினிமா உலகம்’, திரையைத் தனியோர் உலகமாகக் கண்டு அதற்குள் வாசகரை அழைத்தது. 1940களில் டி. வி. ராம்நாத் தொடங்கிய ‘பேசும் படம்’ கலைவடிவத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. கோபால் நடத்திய ‘குண்டூசி’ குத்திக்காட்டும் நையாண்டியைப் பெயரிலேயே அறிவித்தது. இவ்வரிசையில் ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ என்னும் பெயர் வேறுபட்டது. ஒலியும் நிழலும் என்று பொருள்படும் அப்பெயர், பேசும்படத்தை அதன் இரு மூலப் பொருள்களாகப் பகுத்து நோக்குகிறது. நடிகரையோ கதையையோ சுட்டாமல், ஊடகம் எதனால் ஆனது என்பதைச் சுட்டும் பெயர் அது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டப்படுகிறது. ‘பேசும் படம்’ இதழின் டி. வி. ராம்நாத்தும் ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ இதழோடு தொடர்புடைய கே. ராம்நாத்தும் வெவ்வேறானவர்கள். இருவரும் திரை இதழ் நடத்தியவர்களாதலின், தலைப்பெழுத்தின்றி ‘ராம்நாத்’ என மட்டும் குறிப்பிடப்படும் இடங்களில் ஆய்வாளர் காலத்தையும் இதழையும் ஒப்புநோக்கியே ஆளை உறுதிசெய்தல் வேண்டும்.

3. மூவர் கூட்டு

‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ இதழ் 1930களின் தொடக்கத்தில் முத்துசுவாமி ஐயர், கே. ராம்நாத், ஏ. கே. சேகர் ஆகிய மூவரின் கூட்டு முயற்சியாக நடைபெற்றது. ராம்நாத் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர். சென்னைக்கு வந்து இம்முயற்சியில் இணைந்தார். மூவரும் திரைப்படத் தொழிலில் அப்போது நிலைபெற்றவர்கள் அல்லர். அதனை ஆர்வத்தோடு பயின்ற இளைஞர்கள். இன்றைய சொல்லாட்சியில் கூறுவதாயின் அவர்கள் இரசிகர்கள். ஆனால் நடிகர்களின் இரசிகர்களாக இருந்ததைவிடக் கலையின் இரசிகர்களாக இருந்தவர்கள்.

இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தமை அதன் நோக்கத்தோடு தொடர்புடையது. அக்காலத்துக் கற்றோரிடையே திரைப்படம் மதிப்புக் குறைந்த பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. நாடகக் கொட்டகைக்கும் கூடாரத் திரையரங்கிற்கும் செல்லும் மக்களைக் குறித்து ஆங்கிலம் பயின்ற நடுத்தர வகுப்பினரிடையே ஓர் இளக்காரம் நிலவியது. அவ்வகுப்பினரின் வாசிப்பு மொழியிலேயே திரையைப் பற்றி எழுதுவது, அக்கலை கற்கத்தக்கது, விவாதிக்கத்தக்கது என்று அவர்களை ஏற்கச் செய்யும் முயற்சியாகும். அதே வேளையில் தமிழ் மட்டும் படிக்க அறிந்த பெருந்திரளான பார்வையாளர்க்கு அவ்விதழ் எட்டாமலும் போயிற்று. இதழின் வலிமையும் வரம்பும் அம்மொழித் தேர்விலேயே அடங்கியிருந்தன.

இதழ்ப்பணி மூவரையும் விரைவிலேயே படத்தயாரிப்பிற்குள் இட்டுச்சென்றது. பிரபாத் நிறுவனம் தயாரித்து 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ அவர்களுக்கு நுழைவாயிலாக அமைந்தது. பாபநாசம் சிவன் இசைத்துறையில் முதன்முதலாகப் பங்களித்த படமும் அதுவே. பின்னர்ச் சென்னையில் நிறுவப்பட்ட வேல் பிக்சர்ஸ் நிறுவனத்தில் மூவரும் ஒன்றுகூடினர். அந்நிறுவனத்தின் ‘மார்க்கண்டேயா’ 1935இல் வெளிவந்தது. முத்துசுவாமி ஐயர் முருகதாசா என்னும் பெயரில் அதனை இயக்கினார். ராம்நாத் ஒளிப்பதிவிலும் சேகர் கலையமைப்பு முதலிய தொழில்நுட்பப் பணிகளிலும் ஈடுபட்டனர்.

ஓர் இதழ் அலுவலகத்தின் ஆட்களே ஒரு படப்பிடிப்புக் குழுவாக மாறிய நிகழ்வு இது. முன்பு பிறர் எடுத்த படத்தில் காட்சி எவ்வாறு அமைந்தது, ஒளி எங்கிருந்து விழுந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள், இப்போது அவ்வினாக்களுக்குத் தம் கைகளாலேயே விடைகாண வேண்டியவராயினர். இதழில் தொடங்கிய பயிற்சி படப்பிடிப்பு நிலையத்தில் தொடர்ந்தது.

4. ஜெமினியில் ராம்நாத்

‘ஆனந்த விகடன்’ இதழின் உரிமையாளரான எஸ். எஸ். வாசன், 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டுடியோவை நிறுவினார். இதழிலிருந்து திரைக்கு வந்தவர் என்ற வகையில் வாசனும் ராம்நாத்தும் ஒரே வழியில் வந்தவர்களே. ஆயினும் இருவர் நடந்த முறை வேறு. வாசன் இதழால் ஈட்டிய பொருளையும் வாசகர் திரளையும் திரைக்குக் கொண்டுவந்தார். ராம்நாத் கொண்டுவந்தது தொழில்நுட்ப அறிவு ஒன்றே.

முருகதாசா இயக்கி, எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ 1942இல் ஜெமினியின் வெளியீடாக வந்தது. ராம்நாத்தும் சேகரும் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தூண்களாயினர். நடனக்கலைஞர் உதயசங்கர் ஜெமினி நிலையத்தில் உருவாக்கி 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’ படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் ராம்நாத். நடனத்தின் அசைவையே கதைப்பொருளாகக் கொண்ட அப்படத்தில் நிழலையும் ஒளியையும் ஆண்ட முறை, அவர் பெற்றிருந்த தேர்ச்சியைக் காட்டுகிறது.

1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’ படத்தின் உருவாக்கத்திலும் ராம்நாத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. புகழ்பெற்ற முரசு நடனக் காட்சியோடு ராம்நாத், சேகர் ஆகியோரின் பெயர்களைத் திரை வரலாற்றாசிரியர்கள் இணைத்துக் கூறுவர். எனினும் படம் வெளிவருமுன்னரே, 1947இல், ராம்நாத் ஜெமினியிலிருந்து விலகினார். ஜெமினியின் படங்கள் வாசனின் பெயரால் அறியப்பட்டவை. அங்குப் பணியாற்றிய வல்லுநரின் தனித்தன்மை நிறுவனத்தின் பெயருக்குள் அடங்கிப்போவது இயல்பாயிருந்தது. ராம்நாத்தை இயக்குநராக அறியச்செய்தவை கொங்குநாட்டு நிறுவனங்களின் படங்களே.

5. கோயம்புத்தூர் என்னும் திரைக்களம்

கோயம்புத்தூரில் திரைத்தொழில் தற்செயலாக வளர்ந்ததன்று. அவ்வூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905இல் துய்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று மௌனப்படங்களைத் திரையிட்டார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். மின்விசையால் இயங்கும் அச்சகம் ஒன்றையும் அவர் நடத்தினார். திரையரங்கும் அச்சகமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமை, திரைக்கும் அச்சுக்கும் அவ்வூரில் தொடக்கம் முதலே இருந்த உறவைக் காட்டும்.

பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் செயற்பட்டதும், கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. மின்சாரம், ஆலைத்தொழிலில் திரண்ட முதலீடு, இயந்திரங்களைக் கையாளும் தொழிலாளர், மாதச் சம்பளம் பெறும் பார்வையாளர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் அமைந்தன. இவை அனைத்தும் படப்பிடிப்பு நிலையத்திற்கும் வேண்டியவையே. அப்பதிற்றாண்டின் நடுப்பகுதியில் உள்ளூர்த் தொழிலதிபர்களின் கூட்டு முயற்சியால் சென்ட்ரல் ஸ்டுடியோ உருவாயிற்று. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் அக்காலத்திலேயே.

எம். சோமசுந்தரமும் எஸ். கே. மொகிதீனும் நடத்திய ஜூபிடர் நிறுவனம் சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தன் களமாகக் கொண்டது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகக் கதைத்தலைவனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் அந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா பிலிம்ஸ் சார்பில் ‘ஆர்யமாலா’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) ஆகிய வெற்றிப்படங்களைத் தந்தார். பின்னர்ப் பட்சிராஜா ஸ்டுடியோவையும் நிறுவினார்.

6. இருவேறு இதழ்நெறிகள்

ஸ்ரீராமுலு நாயுடுவின் வாழ்வில் திரை இதழியலின் மற்றொரு முகம் குறுக்கிட்டது. சி. என். லட்சுமிகாந்தன் 1943இல் தொடங்கிய ‘சினிமா தூது’, நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதி விற்ற இதழ். உரிமம் தொடர்பான சிக்கலால் அது நின்றபின், ‘இந்துநேசன்’ வாயிலாக அவர் அதே வகை எழுத்தைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோரோடு ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டார். விசாரணையில் நாயுடு குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆயுள்தண்டனை பெற்ற பாகவதரும் கிருஷ்ணனும், இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற முறையீட்டின் பயனாக நடந்த மறு விசாரணைக்குப் பின் 1947இல் விடுதலை பெற்றனர்.

‘சவுண்ட் அண்ட் ஷேடோ’, ‘சினிமா தூது’ ஆகிய இரண்டும் திரை இரசிகரின் ஆவலிலிருந்தே பிறந்தவை. ஒன்று படத்தின் பின்னாலுள்ள தொழிலை அறியும் ஆவலுக்கு விடையளிக்க முற்பட்டது. மற்றொன்று படத்தின் பின்னாலுள்ள மனிதரின் தனிவாழ்வைத் துருவும் ஆவலைத் தூண்டிப் பயன்கொண்டது. முதலாவது நெறியிலிருந்து கலைஞர் மூவர் உருவாயினர். இரண்டாவதன் விளைவோ உயிரிழப்பும் சிறைவாசமுமாக முடிந்தது. பிந்தையதன் பெயரால் எழுந்த வழக்கில் துன்புற்ற தயாரிப்பாளரே, முந்தையதில் பயின்ற ராம்நாத்திடம் தம் படமொன்றை இயக்கும் பொறுப்பை ஒப்படைத்தார் என்பது, திரை இதழியல் வரலாற்றைத் திரைத்தயாரிப்பு வரலாற்றோடு இணைத்தே படிக்க வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

7. கொங்குநாட்டு நிறுவனங்களுக்காக இயக்கிய படங்கள்

7.1 ஏழை படும் பாடு

பட்சிராஜாவின் ‘ஏழை படும் பாடு’ 1950இல் வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பெரும் புதினத்தைச் சுத்தானந்த பாரதியார் அதே தலைப்பில் தமிழாக்கியிருந்தார். அதனைத் தழுவிய இப்படத்தில் வி. நாகையா ரொட்டி திருடிச் சிறைசென்ற கதைத்தலைவனாக நடித்தார். தெலுங்கிலும் ‘பீதல பாட்லு’ என்ற பெயரில் அது உருவாயிற்று. காவல் ஆய்வாளர் ஜாவராக நடித்த சீதாராமன், அப்பாத்திரப் பெயராலேயே ‘ஜாவர்’ சீதாராமன் என வாழ்நாள் முழுதும் அழைக்கப்பட்டார். ஓர் அயல்நாட்டுப் புதினப் பாத்திரத்தின் பெயர் தமிழ் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டமை, அத்தழுவல் மக்களிடம் பெற்ற ஏற்பிற்குச் சான்றாகும்.

இவ்விடத்தில்தான் இதழாளர் ராம்நாத்தும் இயக்குநர் ராம்நாத்தும் ஒருவரே என்பது விளங்குகிறது. ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ கற்றவரை நோக்கித் திரையைக் கொண்டுசென்றது. ‘ஏழை படும் பாடு’ எழுத்தறியாத பார்வையாளரை நோக்கி உலக இலக்கியத்தைக் கொண்டுவந்தது. திசை மாறினும் செயல் ஒன்றே: இரு வகுப்பினர்க்கு இடையே பாலம் அமைத்தல். ஆங்கில இதழின் மொழித்தேர்வால் விலக்கப்பட்டிருந்த மக்களே இப்போது அவரது பார்வையாளராயினர். ஆலைத்தொழிலாளர் நிறைந்த நகரின் நிலையத்திலிருந்து, வறுமையால் திருடனாக்கப்பட்ட ஒருவனின் கதை வெளிவந்தமையும் பொருத்தமுடையதே.

7.2 மர்மயோகி

ஜூபிடர் நிறுவனத்திற்காக ராம்நாத் இயக்கிய ‘மர்மயோகி’ 1951இல் வெளிவந்தது. ஏ. எஸ். ஏ. சாமி எழுதிய கதையில் எம். ஜி. இராமச்சந்திரன், அஞ்சலிதேவி, செருகளத்தூர் சாமா, எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோர் நடித்தனர். ‘ஏக் தா ராஜா’ என இந்தியிலும் அது வெளியாயிற்று. வயதுவந்தோர்க்கான ‘ஏ’ சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே. 1949ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அச்சான்றிதழ் முறையைப் புகுத்தியிருந்தது. படத்தில் தோன்றும் ஆவியுருவக் காட்சிகள் சிறார்க்கு அச்சமூட்டும் எனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம்.

இச்செய்தி பெரும்பாலும் ஒரு வியப்புத் தகவலாகவே எடுத்துரைக்கப்படுகிறது. உண்மையில் அது ஒளிப்பதிவின் வரலாற்றிற்குரிய சான்று. கதையின்படி அவ்வுருவம் ஆவியன்று. மறைந்து வாழும் அரசனின் தோற்றமே. நிழலாலும் ஒலியாலும் உண்டாக்கப்பட்ட ஒரு மாயத்தோற்றம், தணிக்கையாளரையே தயங்கச்செய்யும் அளவிற்கு வலிமை பெற்றிருந்தது. ஊடகத்தை ஒலியென்றும் நிழலென்றும் பகுத்துக் கண்டவரின் படத்தில் இவ்வாறு நிகழ்ந்தது பொருத்தமே.

7.3 பிற படங்கள்

‘தாய் உள்ளம்’ (1952) ‘ஈஸ்ட் லின்’ என்னும் ஆங்கிலப் புதினத்தைத் தழுவியது. ஆர். எஸ். மனோகர் கதைத்தலைவனாகவும், பின்னாளில் காதல் நாயகராகப் புகழ்பெற்ற ஜெமினி கணேசன் எதிர்நிலைப் பாத்திரத்திலும் அதில் நடித்தனர். ‘மனிதன்’ 1953இல் வெளிவந்தது. அதன்பின் ராம்நாத் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்திற்காக ‘சுகம் எங்கே’ (1954), ‘கதாநாயகி’ (1955) ஆகிய படங்களை இயக்கினார். பட்சிராஜா, ஜூபிடர், மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்காக அவர் இயக்கிய படங்களைச் சேர்த்துப் பார்க்குங்கால், அவரது இயக்குநர் வாழ்வின் பெரும்பகுதி கொங்குநாட்டைச் சார்ந்திருந்தமை புலனாகும். அடுத்த ஆண்டே, 1956இல், அவர் மறைந்தார்.

8. முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, தொடக்ககாலத் திரை இதழைத் தகவற் களஞ்சியமாக மட்டும் கொள்ளாமல், திரைக்கலைஞரை உருவாக்கிய பயிற்சிக்களமாகவும் கொள்ளுதல் வேண்டும். ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ குழுவினர் மூவரும் இயக்கம், ஒளிப்பதிவு, கலையமைப்பு ஆகிய துறைகளில் தடம் பதித்தமை இதற்குச் சான்று. இரண்டாவது, திரை இதழியலை வம்பெழுத்தோடு இணைத்து மதிப்பிடும் வழக்கம் 1940களின் ஒரு போக்கை முழு வரலாற்றிற்கும் ஏற்றிக்கூறுவதாகும். அதற்கு முன்னரே வேறொரு நெறி இருந்தது. மூன்றாவது, தமிழ்த் திரை வரலாற்றைச் சென்னையை மையமாகக் கொண்டே எழுதுவதால், கோயம்புத்தூரும் சேலமும் வல்லுநர்க்கு அளித்த வாய்ப்பு மறைக்கப்படுகிறது. ஜெமினியின் பெரும்புகழுக்குள் ஒரு தொழில்நுட்பராக இருந்தவர், கொங்குநாட்டு நிறுவனங்களில் இயக்குநராக அடையாளம் பெற்றார்.

பட்சிராஜாவும் சென்ட்ரல் ஸ்டுடியோவும் இன்று இயங்கவில்லை. அவற்றின் சுவர்களுக்குள் நிகழ்ந்தவற்றை மீட்டெடுக்கப் பழைய இதழ்த்தொகுதிகளே துணையாகும். பழைய புத்தகக் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் செல்லரித்துவரும் திரை இதழ்களைத் தொகுத்து, இதழ்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அடைவு செய்வது கொங்குநாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் இதழியல்துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வடைவில் படங்களின் பெயர்களோடு இதழை நடத்தியவர்களின் பெயர்களும் இடம்பெறுமாயின், ராம்நாத்தைப் போல எழுத்திலிருந்து திரைக்குச் சென்ற பிறரின் வழித்தடங்களும் வெளிப்படும்.